சுங்கச்சாவடியில் நிற்கும் லாரியிடம் என்ன கேட்கிறோம்?

1966 முடிந்து 1967 பிறக்கும் சமயம். ஆஸ்லோவில், நார்வே கணினி மையத்தில் ஓலே-யோஹான் டால், கிறிஸ்டன் நைகார்ட் என்று இரண்டு பேர் ஒரு கணக்கோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். ஒரு பாலம். பாலத்தில் ஒரு சுங்கச்சாவடி. சாவடிக்கு முன்னால் வரிசையாக வண்டிகள். சில லாரி, சில பேருந்து. இந்தக் காட்சியைக் கணினிக்குள் ஓடவிட்டுப் பார்க்க வேண்டும்.

கேட்க எளிதாக இருக்கிறது. எழுத உட்கார்ந்தால்தான் சிக்கல் தெரியும். லாரி என்றால் ஏற்றியிருக்கும் சரக்கின் எடை வேண்டும். பேருந்து என்றால் உள்ளே இருக்கும் பயணிகளின் எண்ணிக்கை வேண்டும். இரண்டையும் தனித்தனி வகையாக எழுதியாக வேண்டும். ஆனால் வரிசை ஒன்றுதான். லாரிக்குப் பின்னால் பேருந்து நிற்கும், அதற்குப் பின்னால் இன்னொரு லாரி நிற்கும். வேறு வேறு வகைகளை ஒரே வரிசையில் எப்படிக் கோப்பது?

அவர்கள் கண்ட வழி, ஒவ்வொரு வண்டியையும் இரண்டு அடுக்காகப் பார்ப்பது. முன்னடுக்கில் 'எனக்கு முன்னால் யார், பின்னால் யார்' என்ற விவரம் இருக்கும். அது எல்லா வண்டிக்கும் பொது. அடுத்த அடுக்கில் லாரிக்கு லாரியின் விவரம், பேருந்துக்குப் பேருந்தின் விவரம். வரிசை முன்னடுக்கை மட்டும் பார்க்கும். அதற்குள் இருப்பது எந்த வண்டி என்று கேட்காது. இந்த யோசனையை வைத்து அவர்கள் 1967-ல் வடிவமைத்த மொழிதான் சிமுலா 67. ஆப்ஜெக்ட் ஓரியண்டட் புரோகிராமிங்கில் கிளாஸ், ஆப்ஜெக்ட், சப்-கிளாஸ் என்று இன்று நாம் புழங்குகிற சொற்களுக்கு இன்றைய பொருள் படிந்தது அந்த மொழியில்தான். கணினித் துறையின் மிக உயர்ந்த விருதான டூரிங் விருது, 2001-க்கானது, இருவருக்கும் சேர்த்துக் கிடைத்தது. அடுத்த ஆண்டே, 2002-ல், சில வார இடைவெளியில் இருவரும் காலமானார்கள்.

சனி ஞாயிறுகளில் கல்லூரி மாணவர்களுக்குப் புரோகிராமிங் சொல்லித் தருகிறேன். ஆப்ஜெக்ட் ஓரியண்டட் புரோகிராமிங்கை அங்கே சுருக்கமாக ஊப்ஸ் என்போம். புதிதாக வருபவர்களிடம் "ஊப்ஸ்னா என்னப்பா?" என்று கேட்டால், ஒரே மூச்சில் பதில் வரும்: "அப்ஸ்ட்ராக்‌ஷன், என்கேப்சுலேஷன், இன்ஹெரிட்டன்ஸ், பாலிமார்ஃபிசம் சார்." தமிழ்வழியில் படித்தவர்கள் அருவமாக்கம், உறைபொதியாக்கம், மரபுரிமம், பல்லுருவாக்கம் என்பார்கள். அடுத்து உதாரணம் கேட்டால் எல்லோரும் ஒரே வீட்டுக்குப் போவார்கள். விலங்கு ஒரு கிளாஸ். நாய் அதிலிருந்து வருவது, பூனை அதிலிருந்து வருவது. நாய் குரைக்கும், பூனை கத்தும். சரி, இந்த நாயை வைத்து நாம் என்ன புரோகிராம் எழுதப்போகிறோம் என்று கேட்டால் பதில் இருக்காது. அது அவர்கள் குற்றமல்ல. அந்த உதாரணத்தில் கேள்வியே இல்லை. கேள்வி இல்லாத இடத்தில் கிளாஸ் எதற்கு என்று யாருக்கும் புரியாது.

டாலும் நைகார்டும் எழுதிய முன்னடுக்கைத் திரும்பவும் பாருங்கள். அதன் உயிர்நாடி எஞ்சினும் சக்கரமும் அல்ல. முன்னால் யார், பின்னால் யார் என்பது. லாரியும் பேருந்தும் உறவாவது இரண்டும் வாகனம் என்பதால் அல்ல, இரண்டுக்கும் வரிசையில் நிற்க வேண்டியிருக்கிறது என்பதால். கிளாஸ் என்பது உலகத்தில் இருக்கும் பொருளின் படம் என்று நினைத்துத்தான் பலரும் தடுமாறுகிறார்கள். அது நம் புரோகிராம் அந்தப் பொருளிடம் என்ன கேட்கிறது என்பதன் படம். இதை மனதில் இருத்திக்கொண்டால் அந்த நான்கு சொற்களும் தாமாகவே விளங்கும். அவர்களுடைய சுங்கச்சாவடியையே எடுத்துக்கொள்வோம். நமக்கும் நன்றாகப் பழகிய இடம்தான்.

நம் ஊர் தேசிய நெடுஞ்சாலைச் சாவடிகளில் 2021 பிப்ரவரி நடுவிலிருந்து எல்லாத் தடங்களும் ஃபாஸ்டேக் தடங்கள். கார் கண்ணாடியில் ஒட்டியிருக்கும் அந்தச் சிறிய பட்டையில் பணம் கிடையாது, பேட்டரியும் கிடையாது. தன் எண்ணைச் சொல்வதற்கான சில்லும் ஆன்டெனாவும் மட்டுமே. சாவடியில் உள்ள கருவி அந்த எண்ணைப் படிக்கிறது. பணம் கழிக்கச் சொல்லும் கோரிக்கை, டேக் கொடுத்த வங்கிக்குப் போய்ச் சேருகிறது. பணம் இருக்கும் கணக்கு அங்கேதான் இருக்கிறது.

இந்தக் கணக்கை நாம் புரோகிராமாக எழுதுவதாக வைத்துக்கொள்வோம். ஒரு கணக்கைப் பற்றி நமக்குத் தெரிய வேண்டியவை: டேக் எண், வண்டி எண், இருப்பு. அந்தக் கணக்கிடம் நாம் கேட்கக்கூடியவை: பணம் போடு, பணம் கழி, செல்லுபடியாகுமா சொல். விவரங்களும் வேலைகளும் சேர்ந்த இந்த வரைவுக்குப் பெயர் கிளாஸ். பாடநூலில் இனக்குழு என்று போட்டிருப்பார்கள். வங்கியில் புதுக் கணக்கு திறக்கக் கொடுக்கும் வெற்றுப் படிவம் போல அது. படிவத்தில் இருப்பு என்று கட்டம் இருக்கும், தொகை இருக்காது. அந்தப் படிவப்படி என் காருக்கு ஒரு கணக்கு, உங்கள் காருக்கு ஒரு கணக்கு என்று திறந்தால், அவை ஆப்ஜெக்ட்டுகள். கிளாஸ் ஒன்று, ஆப்ஜெக்ட் ஆயிரம் இருக்கலாம். என் கணக்கில் 60 ரூபாய், உங்கள் கணக்கில் 800 ரூபாய். ஒன்றில் கழித்தால் இன்னொன்று குறையாது.

கிளாஸில் எழுதும் வேலைகளை மெத்தட் என்கிறோம். 'கழி' என்ற மெத்தட் கிளாஸில் ஒரே ஒரு முறைதான் எழுதப்பட்டிருக்கிறது. அப்படியானால் கூப்பிடும்போது யாருடைய இருப்பில் கழிப்பது என்று அதற்கு எப்படித் தெரியும்? முதல் மாதத்தில் எல்லோரும் முட்டிக்கொள்ளும் இடம் இது. பைத்தானில் ஒவ்வொரு மெத்தட்டின் தொடக்கத்திலும் 'செல்ஃப்' என்று ஒன்று எழுதச் சொல்வார்கள். ஜாவாவிலும் சி++-இலும் 'திஸ்' என்று ஒன்று எழுதாமலேயே கூட வரும். இரண்டும் ஒன்றுதான். 'எந்த ஆப்ஜெக்ட்டிடம் இந்த வேலையைக் கேட்டார்கள்' என்பதற்கான விடை அது. என்கணக்கு.கழி(75) என்று எழுதினால், உள்ளே செல்ஃப் என்பது என் கணக்கு. உங்கள்கணக்கு.கழி(75) என்றால், அதே வரியில் செல்ஃப் என்பது உங்கள் கணக்கு. மாணவர்களைத் தாளில் இரண்டு கட்டம் போட்டு, ஒவ்வொரு முறை கூப்பிடும்போதும் எந்தக் கட்டத்தில் விரல் நிற்கிறது என்று காட்டச் சொல்வேன். விரல் சரியாக நகர்ந்துவிட்டால் செல்ஃப் புரிந்துவிட்டது.

கணக்கு திறக்கும் கணத்திலேயே சில விவரங்கள் இருந்தாக வேண்டும். வண்டி எண் இல்லாத கணக்கு என்று ஒன்று பிறக்கவே கூடாது. அதைக் கவனிக்கும் மெத்தட்டுக்குக் கன்ஸ்ட்ரக்டர் என்று பெயர். இதற்கு மேல் அதில் பெரிதாக எதுவும் இல்லை.

இனி முக்கியமான இடத்துக்கு வருகிறேன். என் கணக்கில் 60 ரூபாய் இருக்கிறது, சாவடிக் கட்டணம் 75. சாவடிக்கான புரோகிராமை எழுதுபவர் இப்படி எழுதிவிடலாம்:

கணக்கு.இருப்பு = கணக்கு.இருப்பு - 75

கணினி முணுமுணுக்காமல் செய்துவிடும். இருப்பு மைனஸ் 15 ஆகும். இதே வேலையை இப்படியும் எழுதலாம்:

கணக்கு.கழி(75)

பார்வைக்கு இரண்டும் ஒன்று போலத்தான் தெரியும். ஆனால் முதல் வரியில் சாவடி நேராகக் கல்லாப்பெட்டிக்குள் கையை விடுகிறது. இரண்டாவது வரியில் கணக்கிடம் கேட்கிறது. கேட்டால், கணக்கு தன் நிலைமையைப் பார்த்துவிட்டு முடியாது என்று சொல்ல முடியும். 60 ரூபாயில் 75 கழிக்க முடியாது என்ற விதி 'கழி' மெத்தட்டுக்குள் ஒரே இடத்தில் இருக்கிறது. அதே பரிவர்த்தனை எண்ணோடு ஒரே கோரிக்கை இரண்டு முறை வந்தால் இரண்டாவதை ஏற்காதே என்ற விதியையும் அங்கேயே எழுதலாம். விவரத்தையும் அதைக் காக்கும் விதியையும் ஒரே கூரையின் கீழ் வைத்து, வெளியார் விவரத்தை நேராகத் தொடாமல் பார்த்துக்கொள்வதுதான் என்கேப்சுலேஷன்.

இதை நான் புத்தகத்தில் கற்கவில்லை. முதலில் வேலை பார்த்த ஒரு சிறு நிறுவனத்தில், மொத்த வியாபாரக் கடை ஒன்றுக்குச் சரக்கு இருப்புக் கணக்கு எழுதிக் கொடுத்திருந்தோம். ஒரு நாள் காலையில் சர்க்கரை மூட்டை இருப்பு மைனஸ் 3 என்று காட்டியது. கடைக்காரர் கிடங்கில் போய் எண்ணினார். ஐந்து மூட்டை இருந்தது. புரோகிராமில் 'இருப்பு' என்ற சொல்லைத் தேடினேன். பதினான்கு இடங்களில் அது மாற்றப்பட்டிருந்தது. விற்பனையில், கொள்முதலில், திருப்பி அனுப்புவதில், மூட்டை பிரித்துச் சில்லறையாக்குவதில், மாதக்கடைசி திருத்தத்தில். பதினான்கில் எது தப்பு செய்தது என்று கண்டுபிடிக்க இரண்டு இரவு ஆனது. திருப்பி அனுப்பியதை ரத்து செய்யும் இடத்தில் கூட்ட வேண்டியதைக் கழித்திருந்தோம். இருப்பை மாற்றும் உரிமை ஒரே இடத்தில் இருந்திருந்தால், சுழியத்துக்குக் கீழே போகிற அந்த முதல் கணத்திலேயே புரோகிராம் நின்று, யார் கேட்டது என்று காட்டியிருக்கும். கடைக்காரரும் அன்று காலை தன் வாடிக்கையாளர்களைக் காக்க வைத்திருக்க மாட்டார்.

ஜாவாவில் 'பிரைவேட்' என்று போட்டால் வெளியிலிருந்து அந்த விவரத்தைத் தொடவே முடியாது, புரோகிராமைக் கணினி மொழிக்கு மாற்றும் கம்பைலர் மறுத்துவிடும். பைத்தான் அவ்வளவு கறாராக இருப்பதில்லை. பெயருக்கு முன்னால் ஓர் அடிக்கோடு போட்டால் 'இது உள்விவகாரம், கை வைக்காதீர்கள்' என்ற மரியாதைக் குறிப்பு மட்டுமே. எந்த மொழியானாலும் ஒழுங்கு நம்மிடம் இருக்க வேண்டும். பிரைவேட் என்று போட்டுவிட்டு, கூடவே 'இருப்பைமாற்று' என்று யார் வேண்டுமானாலும் எந்த எண்ணையும் திணிக்கக்கூடிய ஒரு மெத்தட்டையும் எழுதி வைப்பவர்கள் நிறையப் பேர். கதவைப் பூட்டிச் சாவியைத் திண்ணையில் வைப்பது போன்றது அது. எடிட்டரில் ஒரு சொடுக்கில் விவரத்தை எடுத்துத் தரும் கெட்டர், மாற்றி வைக்கும் செட்டர் எல்லாம் தயாராகிவிடுவதால் இந்தப் பழக்கம் சீக்கிரம் ஒட்டிக்கொள்கிறது. 'இருப்பைமாற்று' என்று யாரும் கணக்கிடம் கேட்பதில்லை. போடச் சொல்கிறார்கள், கழிக்கச் சொல்கிறார்கள். அந்தச் சொற்களையே மெத்தட் பெயராக வையுங்கள்.

இதன் மறுபக்கம் அப்ஸ்ட்ராக்‌ஷன். சாவடிக்கு என் இருப்பு எவ்வளவு என்று தெரிய வேண்டியதில்லை. இந்த டேக் செல்லுமா, செல்லாதா என்பது தெரிந்தால் போதும். உள்ளே வங்கி எந்தக் கணினியில் எந்த வடிவத்தில் கணக்கை வைத்திருக்கிறது என்பது சாவடியின் கவலை அல்ல. 1972-ல் கணினி அறிஞர் டேவிட் பார்னஸ் ஒரு கட்டுரை எழுதினார். புரோகிராமை எப்படித் துண்டாகப் பிரிப்பது என்பதுதான் பொருள். பின்னாளில் மாறக்கூடிய முடிவுகளை முதலில் பட்டியல் போடு. ஒவ்வொரு முடிவையும் ஒவ்வொரு துண்டுக்குள் மறைத்து வை. மற்றத் துண்டுகளுக்கு அது தெரியக் கூடாது என்றார். கிளாஸ்களைப் பற்றிய கட்டுரை அல்ல அது. ஆனாலும் ஒரு கிளாஸில் எதை மறைப்பது என்ற கேள்விக்கு அதைவிட நல்ல விடையை நான் பார்த்ததில்லை.

சுங்கக் கட்டணத்துக்கு வருவோம். வகுப்பில் பலகையில் 'வாகனம்' என்று எழுதி, அதன் கீழே கார், பேருந்து, லாரி என்று மூன்று கோடு இழுத்தேன். ஒவ்வொன்றுக்கும் 'கட்டணம்' என்று ஒரு மெத்தட். தாய் கிளாஸில் இருப்பது பிள்ளை கிளாஸ்களுக்குத் தானாக வரும். பிள்ளை தனக்கு வேண்டியதைச் சேர்த்துக்கொள்ளலாம், வந்ததை மாற்றியும் எழுதிக்கொள்ளலாம். இதுதான் இன்ஹெரிட்டன்ஸ். அப்பா லாரி டிரைவராக இருக்கும் ஒரு பையன் கை தூக்கினான்.

"சார், டோல்ல பஸ்ஸுக்கும் ரெண்டு ஆக்ஸில் லாரிக்கும் ஒரே காசுதானே? அப்புறம் எதுக்கு ரெண்டு கிளாஸ்?"

அவன் சொன்னது சரி. 2008-ம் ஆண்டின் தேசிய நெடுஞ்சாலைக் கட்டண விதிகளைப் பார்த்தால், 2007-08-ஐ அடிப்படை ஆண்டாக வைத்து, நான்குவழிச் சாலையில் கிலோமீட்டருக்குக் கார், ஜீப், வேனுக்கு 65 காசு. இலகு வணிக வாகனத்துக்கும் மினி பேருந்துக்கும் 1.05 ரூபாய்; பேருந்துக்கும் லாரிக்கும் ஒன்றாகவே 2.20 ரூபாய். அதற்கு மேல் போனால் எல்லாம் அச்சு (ஆக்ஸில்) கணக்கு. இன்றைய பிரிப்பில் மூன்று அச்சுக்கு ஒரு விலை, நான்கு முதல் ஆறு அச்சு வரை ஒரு விலை, ஏழும் அதற்கு மேலும் ஒரு விலை. ஆண்டுதோறும் ஏப்ரல் 1-ல் தொகை ஏறுகிறது, ஆனால் பிரிப்பு இப்படித்தான். வண்டி பேருந்தா லாரியா என்று சாவடி கேட்பதே இல்லை. கட்டணப் பிரிவு எது, எத்தனை அச்சு என்றுதான் கேட்கிறது.

பலகையில் இருந்த மூன்று கோட்டையும் அழித்தேன். கட்டணம் கணக்கிடும் புரோகிராமுக்குப் பேருந்து கிளாஸும் வேண்டாம், லாரி கிளாஸும் வேண்டாம். 'வாகனம்' என்று ஒரே கிளாஸ். அதற்குள் பிரிவு, அச்சு எண்ணிக்கை என்று இரண்டு விவரம். பிரிவுக்கு இவ்வளவு என்று தனியாக ஒரு கட்டண அட்டவணை. ஏப்ரலில் விலை ஏறினால் அட்டவணையை மாற்றினால் போதும். டாலும் நைகார்டும் லாரியையும் பேருந்தையும் பிரித்தார்கள், அவர்கள் கணக்குக்கு அது தேவைப்பட்டது. நம் கணக்குக்குத் தேவையில்லை. அதே லாரி, அதே சாவடி. கேட்கும் கேள்வி மாறியதும் கிளாஸ் மாறிவிட்டது. கற்கத் தொடங்கிய ஆர்வத்தில் கண்ணில் பட்டதையெல்லாம் தாய்-பிள்ளை மரமாக வரைகிறவர்களை நிறுத்தி, 'இந்த இரண்டு பிள்ளைகளும் எந்தக் கேள்விக்கு வேறு வேறு பதில் சொல்கின்றன?' என்று கேட்கச் சொல்வேன். வேறு பதில் இல்லையென்றால் அங்கே இரண்டு கிளாஸ் வேண்டாம்.

வேறு பதில் வரும் இடம் இதே சாவடியில் இருக்கிறது. 2025 ஆகஸ்ட் 15 அன்று ஃபாஸ்டேக் ஆண்டு பாஸ் வந்தது. வணிகம் சாராத சொந்தக் கார், ஜீப், வேன்களுக்கு மட்டும். வந்தபோது விலை 3000 ரூபாய். ஓர் ஆண்டு அல்லது 200 கடவு (ட்ரிப்), எது முதலில் முடிகிறதோ அதுவரை செல்லும். அந்த 2025 ஆகஸ்டில் ஒரே தடத்தில் மூன்று வகையாக வண்டி வந்ததாக வைத்துக்கொள்வோம். ஒருவரிடம் சாதாரண ஃபாஸ்டேக். ரூபாய் கழிய வேண்டும். ஒருவரிடம் ஆண்டு பாஸ். ரூபாய் கழியக் கூடாது, 200-இல் ஒரு கடவு குறைய வேண்டும். ஒருவர் ரொக்கம் நீட்டுகிறார். அன்றைய விதிப்படி அவரிடம் இரண்டு மடங்கு வாங்க வேண்டும்.

இதைப் பழைய பாணியில் எழுதினால், சாவடிப் புரோகிராமுக்குள் 'சாதாரண டேக் என்றால் இப்படிச் செய், ஆண்டு பாஸ் என்றால் அப்படிச் செய், ரொக்கம் என்றால் வேறு மாதிரி செய்' என்று நீளும். வசூலிக்கும் இடத்தில் ஒரு முறை, ரசீது அடிக்கும் இடத்தில் ஒரு முறை, நாள் கணக்கு முடிக்கும் இடத்தில் ஒரு முறை என்று அதே பிரிப்பு திரும்பத் திரும்ப வரும். நாளைக்கு நான்காவது வகை வந்தால் எல்லா இடத்தையும் தேடித் திருத்த வேண்டும். ஒன்று விட்டுப்போனாலும் என் பதினான்கு இடக் கதைதான்.

மாற்றாக, மூன்றையும் மூன்று கிளாஸாக எழுதுங்கள். மூன்றிலும் 'வசூலி' என்று ஒரே பெயரில் ஒரு மெத்தட் வையுங்கள். சாவடியில் ஒரே வரி போதும்:

கட்டுமுறை.வசூலி(கட்டணம்)

கட்டுமுறை என்றால் பணம் கட்டும் முறை. அந்தப் பெயருக்குள் இந்தக் கணத்தில் எந்த ஆப்ஜெக்ட் இருக்கிறதோ அதன் 'வசூலி' ஓடும். சாதாரண டேக் ரூபாயைக் கழித்துக்கொள்ளும். ஆண்டு பாஸ் கடவு எண்ணிக்கையில் ஒன்றைக் குறைத்துக்கொள்ளும். ரொக்கம் தொகையை இரட்டிக்கும். அழைப்பு ஒன்று, செயல் மூன்று. பாலிமார்ஃபிசம் என்ற பெரிய பெயரைச் சுமந்திருப்பது இந்தச் சின்ன ஏற்பாடுதான். எந்த 'வசூலி'யை ஓட்டுவது என்பது புரோகிராம் ஓடும் நேரத்தில், வந்து நிற்கும் ஆப்ஜெக்ட்டைப் பார்த்து முடிவாகிறது. சிமுலா 67-லேயே 'வர்ச்சுவல்' என்ற பெயரில் இது இருந்தது. கேம்பிரிட்ஜில் ஆராய்ச்சி மாணவராக சிமுலாவில் எழுதிப் பழகிய டென்மார்க்காரர் பியார்னே ஸ்ட்ரூஸ்ட்ரப், 1979-ல் பெல் ஆய்வகத்தில் சி மொழியோடு கிளாஸைச் சேர்க்கத் தொடங்கினார். 1983-ல் அதற்கு சி++ என்று பெயர் வந்தது. அந்த 'வர்ச்சுவல்' என்ற சொல்லும் கூடவே வந்தது, இன்றும் நம் மாணவர்கள் அதையே தட்டச்சு செய்கிறார்கள்.

இங்கே இன்னொன்றையும் கவனியுங்கள். 'ஆண்டு பாஸ் கார்' என்று காருக்குக் கீழே ஒரு பிள்ளை கிளாஸ் நாம் எழுதவில்லை. எழுதியிருந்தால், 200 கடவும் முடிந்த நாளில் அந்தக் கார் என்னவாகும்? ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராமில் ஓர் ஆப்ஜெக்ட்டின் கிளாஸை மாற்றுவது பெரும்பாலான மொழிகளில் நடக்காத காரியம். நாம் செய்தது, வாகனத்துக்குள் ஒரு கட்டுமுறையை வைத்தது. பாஸ் முடிந்தால் அதை எடுத்துவிட்டுச் சாதாரண டேக்கை வைத்துவிடலாம். கார் அதே கார். இதைக் கம்போசிஷன் என்பார்கள். 'கார் ஒரு வாகனம்' என்பது ஒரு வகை உறவு, 'காரிடம் ஒரு கட்டுமுறை இருக்கிறது' என்பது வேறு வகை. இரண்டில் எது என்று சந்தேகம் வந்தால் இரண்டாவதைத் தேர்ந்தெடுங்கள் என்றுதான் நான் சொல்வேன். 2009-ல் வெளிவந்த கோ மொழியில் கிளாஸ் வழி இன்ஹெரிட்டன்ஸே கிடையாது, ஆனாலும் அதில் பெரிய பெரிய மென்பொருள்கள் ஓடுகின்றன.

பிள்ளை கிளாஸ் எழுதும்போது இன்னொரு பொறுப்பும் இருக்கிறது. ஆம்புலன்சுக்குச் சுங்கம் கிடையாது. ஒரு மாணவி ஆம்புலன்ஸ் என்று ஒரு கிளாஸ் எழுதி, அதன் 'கட்டணம்' மெத்தட்டில் "எனக்குக் கட்டணம் இல்லை" என்று பிழையை எறிந்து நிறுத்தியிருந்தாள். அவள் நினைத்தது நியாயம்தான். கட்டணமே இல்லாதவரிடம் கட்டணம் கேட்பது தவறுதானே? ஆனால் ஓட்டிப் பார்த்தபோது வரிசையில் ஆம்புலன்ஸ் வந்ததும் முழுத் தடமும் நின்றுவிட்டது. அவசரமாகப் போக வேண்டிய ஒரே வண்டி, அதுவே வழியை அடைத்துக்கொண்டு நின்றது. வாகனம் எங்கெல்லாம் செல்லுமோ அங்கெல்லாம் அதன் பிள்ளையும் தடங்கலின்றிச் செல்ல வேண்டும். 1987-ல் கணினி அறிஞர் பார்பரா லிஸ்கோவ் ஓர் உரையில் முன்வைத்து, 1994-ல் இன்னொரு கணினி அறிஞர் ஜெனட் விங்குடன் சேர்ந்து கட்டுரையாக எழுதிய கருத்து இது. ஆம்புலன்ஸின் 'கட்டணம்' சுழியம் என்று திருப்பித் தந்தால் போதும். அவள் அந்த ஒரு வரியை மாற்றினாள், தடம் ஓடியது.

ஆலன் கே என்ற அமெரிக்கர் 1966-ல் யூட்டா பல்கலைக்கழகத்தில் மாணவராக இருந்தபோது சிமுலாவின் முந்தைய வடிவத்தைப் பார்த்து உந்துதல் பெற்றவர். 'ஆப்ஜெக்ட் ஓரியண்டட்' என்ற பெயரே அவர் வைத்ததுதான். ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வு மையத்தில் 1970-களில் அவர் குழு ஸ்மால்டாக் மொழியைச் செய்தது. 1998-ல் அவர் ஒரு மடலில் வருந்தினார்: ஆப்ஜெக்ட் என்று பெயர் வைத்துவிட்டதால் எல்லோரும் சிறிய விஷயத்தைப் பிடித்துக்கொண்டார்கள், பெரிய விஷயம் ஆப்ஜெக்ட்டுகள் ஒன்றுக்கொன்று அனுப்பிக்கொள்ளும் செய்தி. ஃபாஸ்டேக் தடத்தில் நின்று இதைப் பார்த்தால் தெளிவாகத் தெரியும். கருவி டேக்கிடம் எண் கேட்கிறது. சாவடி, வங்கியிடம் கழிக்கச் சொல்கிறது. வங்கி, நம் கைபேசிக்குக் குறுஞ்செய்தி அனுப்புகிறது. யாரும் யாருடைய உள்ளே போய் எதையும் மாற்றுவதில்லை.

கடைசியாக, நான் வகுப்பில் கொடுக்கும் ஒரு பயிற்சி. சாவடியைக் கடந்த வண்டி 24 மணி நேரத்துக்குள் அதே வழியாகத் திரும்பினால், போக வர இரண்டுக்கும் சேர்த்து ஒரு முறைக் கட்டணத்தின் ஒன்றரை மடங்குதான். அதாவது திரும்பும்போது பாதி. சரி, வண்டி நேற்று மாலை இங்கே போனது என்பதை யார் நினைவில் வைத்துக்கொள்வது?

வாகனமா? என்றால் வாகனத்துக்குள் நாடு முழுதும் உள்ள சாவடிகளின் பட்டியல் வந்து உட்காரும். கணக்கா? கணக்கு பணத்துக்குப் பொறுப்பு. 24 மணி நேர விதி அதற்கு எதற்கு? சாவடியா? சாவடிக்கு ஏற்கெனவே கருவி, தடம், தடுப்புக் கம்பம் என்று வேலை நிறைய. வகுப்பில் அரை மணி நேரம் வாதம் நடந்தது. லாரி டிரைவரின் மகன்தான் எழுந்து வந்து, பலகையில் சாவடிக்குப் பக்கத்தில் ஒரு புதுக் கட்டம் போட்டான். உள்ளே 'பயணப் பதிவேடு' என்று எழுதினான்.

"இப்படி ஒரு பொருள் டோல்ல எங்கயும் இல்லையே?" என்று பின்வரிசையில் ஒருத்தி கேட்டாள்.

"இல்லதான். ஆனா இந்தக் கேள்விய யார்கிட்டயாவது கேட்டாகணும்ல?" என்றான்.

பதிவேட்டுக்கு இரண்டே மெத்தட். ஒன்று, 'பதி': டேக் எண்ணையும் நேரத்தையும் வாங்கிக்கொள்ளும். இன்னொன்று, 'திரும்புபயணமா': டேக் எண்ணைக் கொடுத்தால் ஆம், இல்லை என்று சொல்லும். சாவடி அதைக் கேட்டுவிட்டுக் கட்டணத்தைப் பாதியாக்கிக் கட்டுமுறையிடம் கொடுக்கும். எழுதி முடித்து ஓட்டினார்கள், சரியாக வந்தது. அப்போது அந்தப் பெண் திரும்பவும் கேட்டாள்: காலையில் போய், மதியம் திரும்பி, மாலையில் மூன்றாம் முறையாக அதே டேக் வந்தால்? புரோகிராம் அதற்கும் பாதிக் கட்டணமே போட்டது. பையன் சாவடி கிளாஸையும் கணக்கு கிளாஸையும் திறக்கவில்லை. நேராகப் பதிவேட்டுக்குப் போனான். ஒரு முறை திரும்பு பயணமாகக் கணக்கில் எடுத்ததை மறுபடி எடுக்காமலிருக்க, ஒவ்வொரு பதிவுக்கும் 'பயன்பட்டதா' என்று இன்னொரு விவரத்தைச் சேர்க்கத் தொடங்கினான்.